சாமநத்தம் கண்மாய்க் குருவி: பூட்டடா, சைக்ஸா?

வைகைக்கரை: பூட்டட் வார்ப்ளர், சைக்ஸ் வார்ப்ளர்னு அச்சு அசலா ஒண்ணுபோல இருக்கிற ரெண்டு வலசைக் கதிர்க்குருவிகள்ல இது எதுன்னு சொல்லுங்க. ஜனவரியில் மதுரைப் பக்கத்துச் சாமநத்தம் கண்மாய்க்கரைக் கருவேல மரத்தில் எடுத்த 4 படங்கள் போட்டிருக்கேன். சாம்பல் கலந்த வெளிர்ப்பழுப்பு முதுகு, நீண்ட அலகு, நீண்ட வால். சைக்ஸ் வார்ப்ளர்தான். பூட்டட்னா புல்லு, செடி, தரைன்னு தாழ்வா மேயும். இது மர உச்சியில் மேயுது.

நாகமலை: அண்ணே, மரத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க. வலசை வந்த இடத்துல பூட்டட்டும் கருவேல்ல ஏறும், சைக்ஸும் புதருக்கு இறங்கும். முதல்ல இதே மாதிரி இருக்கிற இன்னொரு குருவியான பிளித் நாணல் கதிர்க்குருவி இல்லைன்னு கழிச்சுட்டீங்களா? கழியுதுதான்: 2-வது படத்துல வால் நுனி சதுரமா இருக்கு, வாலடி இறகு (வாலோட அடிப்பக்கத்தை மூடுற சின்ன இறகு) குட்டை, வால் ஓர இறகுல வெளிர் விளிம்பு தெரியுது. பிளித்துக்கு வால் வட்டமா முடியும், வாலடி இறகு நீளம்.

இனி 3-வது படத்தைப் பெருசாக்கிப் பாருங்க. கீழலகு அடியில் இளஞ்சிவப்பு, நுனியில் கருமை. சைக்ஸுக்குக் கீழலகு ஏறக்குறைய முழுக்க வெளிர். இருந்தா லேசான கறைதான் இருக்கும். கண்ணுக்கு மேல இருக்கிற வெளிர்ப் புருவக்கோடும் கண்ணைத் தாண்டி ஓடுது, அதுக்கு மேல மங்கின கருங்கோடு. சைக்ஸுக்குக் கண்ணுக்குப் பின்னால கோடு கரைஞ்சுபோயிரும். இது பூட்டட்.

வைகைக்கரை: நுனிக் கருமை உச்சிவெயிலோட நிழல். 1-வது படத்துல அதே அலகு முழுக்க வெளிர்தானே? தலை இறகைச் சிலிர்த்தாப் புருவமும் மாறும்.

நாகமலை: 1-வது படம் வானத்தை எதிர்த்து எடுத்தது. குருவி கருத்துடக் கூடாதுன்னு வெளிச்சத்தை ஏத்தியிருக்கீங்க. அலகு விளிம்பே வெளுத்து அழிஞ்சுபோச்சு. அதுல நிறம் பார்க்கவே கூடாது. முதுகு நிறமும் அப்படித்தான், இறகு தேய்ஞ்சா ரெண்டுமே வெளுக்கும்.

முள்ளுக்காடு: ரெண்டையும் வெகுகாலம் ஒரே இனத்தோட கிளைகளாத்தான் வச்சிருந்தாங்க. சைக்ஸ்ங்கிறவர் 1832-இல் விவரிச்ச குருவி தனி இனமா ஏற்கப்பட்டது ரொம்பப் பின்னாடி. அதனால ஒரே அடையாளத்தை நம்பாதீங்க. வால் நீளமும் கோணத்துக்குக் கோணம் ஏமாத்தும். அடுத்த தடவை வெயில் ஏறுமுன்னாடி போங்க. பக்கவாட்டுத் தலை, கீழிருந்து கீழலகு, வாலடி, மூணும் வேணும். ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையாம, தொடர்ச்சியா 10 படமாவது எடுங்க.

வைகைக்கரை: 3-வது படத்தை மறுபடி பெருசாக்கிப் பார்த்தேன். நுனிக் கருமை ரெண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கு, அது நிழல் இல்லை, ஒத்துக்கிறேன். புருவத்தை இன்னும் ஏத்துக்கலை, அலகு நீளமும் உறுத்துது. பறவைப் பதிவுத் தளமான இ-பேர்ட்ல ‘பூட்டட்/சைக்ஸ்’னு, ரெண்டுல ஒண்ணுன்னு மாத்துறேன்.

நாகமலை: கீழலகு தெளிவாத் தெரியுற ஒரு படம் கிடைக்கிற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்ணே. மார்ச் முடியறதுக்குள்ள அதே மரத்தைப் பாருங்க, அப்புறம் வடக்கே கிளம்பிரும்.