படர்தாமரைக்கு க்ரீம் தடவும்போது மேக்கப் போடலாமா?

வட்டமுகம்: தாடையோரம் வட்டமாக ஒரு தடிப்பு, ஓரம் சிவந்து செதில் உதிர்கிறது, நடுவில் சாதாரணத் தோல். படர்தாமரை, அதாவது பூஞ்சைத் தொற்று என்று டாக்டர் பூஞ்சைக்கான 1% கிளோட்ரிமசோல் க்ரீம் கொடுத்தார், காலையும் இரவும் தடவுகிறேன், ஒரு வாரம் ஆகிறது. அடுத்த வாரம் அக்கா கல்யாணம். போட்டோவில் அதுதான் முதலில் கண்ணில் படும். மேலே பவுண்டேஷன் போட்டால் மருந்து வேலை செய்யுமா? டாக்டரிடம் கேட்க மறந்துவிட்டேன்.

ரோஸ்பவுடர்: ஒரு நாள் போட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் மருந்துதான் முதலில். முகம் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, க்ரீமை மெல்லிசாகத் தடவுங்கள், வட்டத்துக்கு வெளியேயும் 2 செ.மீ. வரை, ஏனென்றால் பூஞ்சை ஓரத்தில்தான் பரவிக்கொண்டு போகும். அரை மணி நேரம் விடுங்கள். கெட்டியாகப் பூசிவிட்டு உடனே பவுண்டேஷன் வைத்தால் இரண்டும் சேர்ந்து அழுக்கு மாதிரி உருண்டு உருண்டு வரும், மறைக்க நினைத்த இடம்தான் பளிச்சென்று தெரியும்! வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கழுவிவிட்டு இரவு வேளைக்குத் தடவுங்கள்.

அவசரக்காரன்: ஸ்டீராய்டு கலந்த க்ரீம் போடுங்க, ரெண்டே நாளில் சிவப்பு போயிடும்.

ரோஸ்பவுடர்: தயவுசெய்து வேண்டாம். சிவப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே வளரும், அப்புறம் வட்டமே உருமாறிப் போய் டாக்டரே அடையாளம் கண்டுபிடிக்கத் திணறுவார். முகத்துத் தோல் மெலிந்தும் போகும்.

பழையபஞ்சு: க்ரீம், பவுண்டேஷன் எல்லாம் சரி, ஸ்பாஞ்சைப் பற்றி யாரும் பேசவில்லையே? எனக்கு இடது கன்னத்தில் வந்தபோது தினமும் ஒரே ஸ்பாஞ்சால் அதை மறைத்துவிட்டு, அதே கையோடு வலது கன்னத்துக்கும் போனேன். கொஞ்ச நாளில் அங்கேயும் ஒரு வட்டம். உதிர்கிற செதிலில் பூஞ்சை உயிரோடு இருக்கும், அது ஸ்பாஞ்சில் ஒட்டி, ஸ்பாஞ்சிலிருந்து டப்பாவுக்கும் போகும். பவுண்டேஷனைக் கொஞ்சம் தனியாக ஒரு தட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த இடத்தைக் கடைசியாகத் தொடுங்கள், ஸ்பாஞ்சைத் தூக்கிப் போடுங்கள். துண்டும் தனி. இன்னொன்று, மேக்கப் போட ஆள் வருகிறார்களா? அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் தாடையைத் தொட்ட பிரஷ் அடுத்து மணப்பெண் முகத்துக்குப் போகும்.

வட்டமுகம்: ஐயோ, அதை யோசிக்கவே இல்லை. ஒரே ஆள்தான் எங்கள் ரெண்டு பேருக்கும். என் பிரஷ்ஷை நானே கொண்டுபோய் நானே போட்டுக்கொள்கிறேன். கல்யாணத்துக்குள் வட்டம் மறைந்துவிட்டால் க்ரீமை நிறுத்தலாமா?

ரோஸ்பவுடர்: கூடாது, டாக்டர் சொன்ன நாள் முடியும்வரை தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அதே இடத்தில் திரும்ப வரும். எரிச்சலோ நீர்க்கசிவோ இருந்தால் மட்டும் அன்றைக்கு மேக்கப்பே வேண்டாம், தலைமுடியை அந்தப் பக்கம் விட்டுக்கொள்ளுங்கள்.