கலைச்சொல் வேண்டுகை: ‘ஆம்பியன்ட்’ இசைக்குத் தமிழில் என்ன பெயர்?

மருதனார்மடத்திலிருந்து

அன்புள்ள குழும அன்பர்களுக்கு வணக்கம்.

இசை பயிலும் மாணவர்களுக்கு மார்கழியில் நடத்தவிருக்கும் கேட்டல் அமர்வுக்காகக் கையேடு ஒன்று எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும். வட நோர்வேயின் துரோம்சோ நகரத்தவரான கெய்ர் யென்சன், ‘பயோஸ்பியர்’ என்னும் பெயரில் 1997இல் வெளியிட்ட ‘சப்ஸ்ட்ராட்டா’ என்ற இசைத்தொகுப்பை அன்று முழுமையாகக் கேட்பிக்க எண்ணியுள்ளேன். பாடுவார் எவருமில்லை, தாளக்கட்டும் ஏறக்குறைய இல்லை. கிற்றாரின் சிறு தொடரொன்று திரும்பத் திரும்ப வந்து தேய, அடியில் தாழ்ந்த சுருதி நீண்டு கிடக்க, கேட்பவரின் உடம்பிலே குளிர் ஏறிவிடுகிறது.

ஆங்கில இசையமைப்பாளர் பிரையன் ஈனோ 1978இல் இவ்வகைக்கு ‘ஆம்பியன்ட்’ என்று பெயரிட்டார். ஊன்றிக் கேட்பவருக்கும் கவனியாது இருப்பவருக்கும் அது ஒருங்கே இடங்கொடுக்கவேண்டும் என்பது அவர் கூறிய இலக்கணம். ‘பின்னணி இசை’ என்றால் மாணவர் திரைப்படத்தை நினைப்பார்கள். ‘வளிமண்டலம்’ புவியியல் பாடத்துக்குரிய சொல். வேறு வழி சொல்லுங்கள்.

கோப்பாயிலிருந்து

அன்புள்ள பிள்ளைக்கு,

‘சூழிசை’ என்று எழுதுங்கள். இலத்தீனத்து மூலச்சொல்லும் சுற்றிச் செல்லுதல் என்ற பொருளையே தருகிறது. சுழி, சுழல், சுற்று, சூழ் என்பன யாவும் வளைதற் கருத்திலே பிறந்த ஓரினச் சொற்கள் என்பது என் நெடுநாளைய எண்ணம். உயிரைச் சூழ்ந்து நிற்பதாற்றான் கருவுக்குச் ‘சூல்’ என்று பெயர் வந்ததோ என்றும் எண்ணுவேன். ‘சூழி’ என்பது யானையின் முகத்தில் அணியும் முகபடாமாதலால் ‘சூழி இசை’ என்று பிரித்துப் பொருள்கொள்ள இடமுண்டு என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். அவ்வாறாயின் இகர ஈற்றின்முன், இரண்டு உயிர்களை இணைக்கும் யகர உடம்படுமெய் தோன்றிச் ‘சூழியிசை’ என்றே ஆகும். நன்னூல் கற்றவருக்கு இதில் மயக்கமில்லை.

இது வினைத்தொகை என்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன். சூழ்ந்த, சூழ்கின்ற, சூழும் என மூன்று காலமும் அதனுள் மறைந்து நிற்கின்றன. எங்கே தொடங்கிற்று, எங்கே முடிந்தது என்று காட்டாமல் கிடக்கும் இசைக்குக் காலங்கரந்த பெயரைவிடப் பொருத்தமானது எது?

நெல்லியடியிலிருந்து

கோப்பாய் நண்பரின் இலக்கணத்தை மறுக்கவில்லை, பொருளை மறுக்கிறேன். ‘சூழ்’ என்பது குறளில் எண்ணித் துணிதலையும், இன்றைய வழக்கில் சூழ்ச்சியையும் உணர்த்தும். மேலும், அந்தத் தொகுப்பை நேற்றிரவு கேட்டேன். அது என்னைச் சூழவில்லை. ஒரு பொழுதுக்குள் என்னைக் கொண்டுபோய் வைத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்தது. பாடுவாரும் கதையும் இன்றிப் பொழுது ஒன்றையே பொருளாகக் கொண்ட இசைக்கு ‘பொழுதிசை’ என்பதே பெயர்.

குளிரும் இசையும் நமக்குப் புதியனவல்ல. நக்கீரர் பாடிய சங்கப்பாட்டாகிய நெடுநல்வாடையில் ஆடல் மகளிர் பாட்டுக்கு யாழைக் கூட்ட முயலும்போது, நரம்பு ‘தண்மையின் திரிந்த’ நிலையில், அதாவது குளிரால் சுருதி மாறி, இருக்கிறது. மார்பின் வெம்மையில் அதைத் தடவிய பின்னரே பண்ணுக்கு நிறுத்துகிறார்கள். குளிர் நரம்பைத் தொட்டால் சுருதிக்கு என்ன நேரும் என்று நக்கீரர் அறிந்திருக்கிறார். சப்ஸ்ட்ராட்டாவின் கிற்றார் ஒலியிலும் அந்தத் திரிபே கேட்கிறது என்பது என் துணிபு.

துரோம்சோவிலிருந்து (சொந்த ஊர் காரைநகர்)

மதிப்புக்குரிய ஐயாமாருக்கு,

1980களிலும் 90களிலும் வட நோர்வேயின் மீன் ஆலைகளுக்கு வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தவர் பலர். எங்கள் குடும்பமும் அப்படி வந்ததே. இங்கே கார்த்திகை நடுப்பகுதி முதல் தை பிறக்கும்வரை சூரியன் தொடுவானத்துக்கு மேலே வருவதில்லை. நண்பகலில் சிறிது நேரம் நீல வெளிச்சம் மட்டும் பரவும். நெடுநல்வாடையில் பித்திகம் எனப்படும் பிச்சியின் அரும்பு அவிழும் மணத்தைக்கொண்டு மகளிர் மாலைப்பொழுதை அறிவதும், மனைப்புறாக்கள் இரவும் பகலும் தெரியாமல் மயங்கி நிற்பதும் இங்கே எனக்கு ஒவ்வோர் ஆண்டும் விளங்குகின்றன. ஆகவே ‘பொழுது’ என்ற சொல் என்னைத் தயங்கவைக்கிறது. இத்தொகுப்பில் நான் கேட்பது பொழுது அழிந்துபோன நிலையை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஊரில் பனி என்றால் விடியற்புறத்தில் தலையை நனைப்பது. இங்கே புதிதாக விழுந்த வெண்பனி, துகள்களுக்கிடையே காற்றைத் தேக்கிவைத்து ஒலியை உறிஞ்சிவிடும். தெருவே செவிடானது போலிருக்கும். தொகுப்பில் ஒலிகள் தள்ளித்தள்ளி, எதிரொலியற்றுத் தனித்து நிற்கும் இடங்களை மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டுங்கள். குளிர் அங்கேதான் இருக்கிறது.

சுன்னாகத்திலிருந்து

ரீச்சர்,

ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாணவர் வீட்டுக்குப் போய் இணையத்தில் தேடப்போவது ‘ஆம்பியன்ட்’ என்ற சொல்லைத்தான். அதை நீக்கினால் அவர்களுக்குக் கதவை அடைத்தவர்களாவோம். தமிழ்ச்சொல் வேண்டுமென்றால் சூழிசை சரி. ‘சுற்றுச்சூழல்’ எல்லாருக்கும் பழகிய சொல் என்பதால் விளக்கம் தேவைப்படாது. பொழுதிசை என்றால், தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று படித்த பிள்ளைகள் பாடும் வேளையைப் பற்றிய சொல் என்றே எண்ணுவார்கள்.

மருதனார்மடத்திலிருந்து

அனைவருக்கும் நன்றி. பண் வகுப்போடு மயங்கும் என்ற தடை வலுவானது. அதனால் கையேட்டில் ‘சூழிசை’ என்று எழுதி, முதல் வரும் இடத்தில் மட்டும் ‘ஆம்பியன்ட் எனப்படும் சூழிசை’ என்று குறிக்கிறேன். யாழ் நரம்பின் செய்தியையும் வெண்பனி ஒலியை உறிஞ்சும் செய்தியையும் விளக்கவுரையில் சேர்த்துவிட்டேன்.

நெல்லியடியிலிருந்து

பெரும்பான்மையை ஏற்கிறேன், சொல்லை ஏற்கவில்லை. காரைநகர் அன்பர் சொன்ன பொழுதழிவைச் சூழிசை எப்படிக் குறிக்கும்? பொழுது இல்லாமற்போனதை உணர்த்துவதற்கும் பொழுது என்ற சொல்லே வேண்டியிருக்கிறது. இரண்டாம் பதிப்பு வருமானால் இம்மடலை மீண்டும் அனுப்புவேன்.