அமெரிக்கக் கல்லூரிக்குப் பரிந்துரைக் கடிதம்: யாரிடம் கேட்பது?

காலிவீதி_பொடியன்:
கொழும்பில் ஓர் அரச பாடசாலையில் தமிழ் மூலம் உயர்தரம் கணிதப் பிரிவு படிக்கிறேன். அமெரிக்காவில் நாலைந்து கல்லூரிகளுக்குக் கொமன் அப் (ஒரே விண்ணப்பத்தைப் பல கல்லூரிகளுக்கு அனுப்பும் இணையத்தளம்) வழியாக விண்ணப்பிக்க யோசனை, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியும் அதில் ஒன்று. இரண்டு ஆசிரியர்களின் கடிதமும் கவுன்சிலர், அதாவது பாடசாலையில் மாணவருக்கு வழிகாட்டும் ஆலோசகர், தரும் கடிதமும் வேண்டுமாம், எங்கள் பாடசாலையில் கவுன்சிலர் என்று ஒருவரும் இல்லை. பௌதிகவியலை உண்மையில் படித்தது வெள்ளவத்தை ரியூசன் சேரிடம்தான், இணைந்த கணிதமும் அப்படித்தான். அப்பா தனக்குத் தெரிந்த எம்பி ஒருவரிடம் கடிதம் வாங்கித் தரலாம் என்கிறார். யாரிடம் கேட்பது?

பம்பலப்பிட்டி_அக்கா:
தம்பி, எம்பி கடிதத்தை விட்டுவிடுங்கள். அவருக்கு உங்களைத் தெரியாது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

எம்ஐடி கொமன் அப்பில் இல்லை, அதற்குத் தனித் தளம். அங்கே ஒரு கடிதம் கணிதம் அல்லது விஞ்ஞான ஆசிரியரிடமிருந்தும் மற்றது மொழி, வரலாறு மாதிரியான பாட ஆசிரியரிடமிருந்தும் கேட்பார்கள். கணிதப் பிரிவுக்காரருக்கு இரண்டாவதற்கு ஆள் தேடுவதுதான் கஷ்டம், பொது ஆங்கில மிஸ்ஸைப் பிடியுங்கள், நீங்கள் அந்த வகுப்பைக் கட் அடிக்காதவராக இருந்தால்! கவுன்சிலர் இடத்தில் அதிபரோ பிரதி அதிபரோ பகுதித் தலைவரோ இருக்கலாம். கடிதத்தோடு உங்கள் புள்ளி விவரங்களையும் பாடசாலை பற்றிய குறிப்பையும் அவர்தான் ஏற்ற வேண்டும், அதனால் கணினியில் கொஞ்சம் பழக்கமுள்ளவராகப் பாருங்கள். ரியூசன் சேரை, கல்லூரி அனுமதித்தால், மேலதிகப் பரிந்துரையாளராகச் சேர்க்கலாம். ஆனால் மண்டபம் நிறையப் பிள்ளைகளை வைத்து மைக்கில் படிப்பிக்கும் சேர் உங்களைப் பற்றி என்ன எழுதுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வளாகங்களுக்குப் போடுவதாக இருந்தால் விண்ணப்பத்தோடு கடிதமே கேட்பதில்லை, அந்தத் தலையிடி இல்லை.

சோக்குக்கட்டி:
நான் படிப்பிக்கிறவன், பௌதிகவியல்தான். எங்கள் ஆட்கள் பலர் பரிந்துரை என்று நினைத்து நற்சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறார்கள். "இவர் ஒழுக்கமும் கீழ்ப்படிவும் உள்ளவர், மாணவத் தலைவராகக் கடமையாற்றினார், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்." பெயரை மாற்றினால் முழு வகுப்புக்கும் பொருந்தும். அங்கே வாசிக்கிறவருக்கு வேண்டியது ஒரு சம்பவம். ஒருமுறை ஊசல் பரிசோதனையில் எல்லாக் குழுவும் புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.8 வரும்படி அளவீட்டைத் திருத்திக்கொண்டு வந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் தனக்கு வந்த 9.4 ஐயே எழுதிக் காட்டிவிட்டு, பிறகு தானே தேடி, நூலின் நீளத்தைக் குண்டின் மேல்விளிம்பு வரைதான் அளந்திருக்கிறேன், மையம் வரை அளக்கவில்லை என்று வந்து சொன்னாள். அவளுக்கு எழுத உட்கார்ந்தபோது எனக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை.

ஆனால் எங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்காது, தம்பி. கேட்கப் போகும்போது ஒரு தாளில் இப்படி நடந்தது மூன்று நான்கை எழுதிக்கொண்டு போங்கள், எந்தப் பாடத்தில் திணறினீர்கள், எப்படிச் சரிக்கட்டினீர்கள் என்பதையும் சேர்த்து. கொமன் அப் படிவத்தில், தான் கண்ட மாணவர்களோடு ஒப்பிட்டு உங்களை மதிப்பிடும்படி ஆசிரியரிடம் ஒரு கட்டமும் இருக்கிறது. உங்களைத் தெரியாதவர் அதில் நடுவிலே ஒரு புள்ளடி போட்டுவிட்டுப் போய்விடுவார். "சேர், எனக்கு நல்ல கடிதம் ஒன்று எழுத முடியும் என்று நினைக்கிறீங்களா?" என்று நேராகக் கேளுங்கள், இழுத்துப் பதில் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

காலிவீதி_பொடியன்:
நன்றி சேர். ஒரு சேர், "நீயே எழுதிக்கொண்டு வா, நான் கையெழுத்து வைக்கிறேன்" என்கிறார். அவருக்கு ஆங்கிலத்தில் எழுதவும் தயக்கம். அதோடு கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று தளத்தில் கேட்கிறதே, அது என்ன?

பம்பலப்பிட்டி_அக்கா:
எழுதிக்கொண்டு போகாதீர்கள். உங்கள் கட்டுரையும் கடிதமும் ஒரே குரலில் இருந்தால் வாசிக்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். சோக்குக்கட்டி சேர் சொன்ன அந்தக் குறிப்புத் தாளை உங்கள் சேரிடம் கொடுங்கள், அவர் தமிழிலேயே எழுதட்டும், ஆங்கில மிஸ்ஸோ சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரோ மாற்றித் தரலாம், நீங்கள் கை வைக்க வேண்டாம். கடிதம் ஏற்றும் இணைப்பு ஆசிரியரின் மின்னஞ்சலுக்குத்தான் வரும். அவரிடம் மின்னஞ்சல் இல்லை என்று நீங்களே ஒன்றைத் திறந்து கடவுச்சொல்லை வைத்துக்கொள்ளும் வேலை வேண்டவே வேண்டாம், சில பேர் செய்கிறார்கள்.

உரிமை விஷயம் 1974 இல் வந்த ஃபெர்பா என்ற அமெரிக்கச் சட்டம். அந்தக் கல்லூரியில் சேர்ந்த பிறகு உங்கள் கோப்பைப் பார்க்கலாம் என்கிறது. விட்டுக்கொடுக்கிறேன் என்றே போடுங்கள், அப்போதுதான் ஆசிரியர் மனம்விட்டு எழுதியதாக எடுத்துக்கொள்வார்கள்.

முன்கூட்டிய விண்ணப்பங்கள் பலவற்றுக்கு நவம்பர் 1 கடைசி நாள், அதனால் ஓகஸ்டிலேயே கேட்டுவிடுங்கள். தவணைப் பரீட்சைத் தாள் திருத்தும் நேரத்தில் போய் நின்றால் எந்த சேரும் நல்லதாக எழுதமாட்டார். வேறு சந்தேகம் என்றால் கொழும்பு 3 இல் ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் அமெரிக்கப் படிப்புக்கு வழிகாட்டும் எடியுகேஷன்யுஎஸ்ஏ ஆலோசனை நிலையம் இருக்கிறது, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், எம்பி கதையை அவர்களே முடித்துவைப்பார்கள்.