இண்டியன் ஹெட் ஊருக்குள் இறங்கிப் பார்த்தவர்கள் உண்டா?

ரெஜைனாவாசி:
சஸ்காட்செவன் மாகாணத் தலைநகர் ரெஜைனாவிலிருந்து டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் சுமார் 70 கிலோமீட்டரில் சாலையோரம் ஒரு பெரிய தலைச் சிலை வரும். எல்லோரும் அங்கே போட்டோ எடுத்துக்கொண்டு அப்படியே வின்னிபெக்குக்குக் கிளம்பிவிடுவார்கள். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் என்ன பார்க்க இருக்கிறது என்ற நினைப்புதான். என்னைக் கேட்டால், சஸ்காட்செவன் விவசாயத்தின் பாதி வரலாறு அந்தச் சின்ன ஊரைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

நான் ஒரு காபி குடிக்கத்தான் உள்ளே போனேன். பக்கத்து மேசையில் ஒரு வயதான விவசாயி. மழையைப் பற்றி ஆரம்பித்த பேச்சு ரயில்வேயைத் திட்டுவதில் போய் நின்றது. நூற்றாண்டு தாண்டிய கோபம், ஆனால் போன அறுவடையில் நடந்ததுபோல் சொன்னார்.

1901-ல் கோதுமை அமோகமாக விளைந்தது. ஏற்றி அனுப்ப வேகன் இல்லை. விவசாயி தானே வேகன் கேட்டு வாங்கி, ரயிலடி மேடையிலிருந்து நேராக ஏற்றலாம் என்று 1900-ல் வந்த மனிடோபா தானியச் சட்டம் சொன்னது. கனடியன் பசிபிக் ரயில்வேயோ எலிவேட்டர்காரர்களுக்கே வேகன்களை ஒதுக்கியது. எலிவேட்டர் என்பது தண்டவாளத்தை ஒட்டி உயரமாக நிற்கும் மரக் களஞ்சியம். அங்கே போனால் எடை, தரம், விலை எல்லாம் அவர்கள் வைத்ததுதான். வேகன் கிடைக்காதவர்களின் கோதுமை கிடந்து கெட்டது.

அந்த டிசம்பரில் விவசாயிகள் இண்டியன் ஹெட்டில் கூடிச் சங்கம் அமைத்தார்கள். முன்னின்றவர் டபிள்யூ. ஆர். மதர்வெல், பிற்பாடு 1905-ல் சஸ்காட்செவனின் முதல் விவசாய அமைச்சர் ஆனவர். 1902-ல் பக்கத்து ஊரான சிண்டலூட்டாவின் ஸ்டேஷன் ஏஜென்ட் மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போயும் தீர்ப்பு மாறவில்லை. கேட்ட வரிசைப்படிதான் வேகன் கொடுக்கவேண்டும் என்று ஆனது.

தன் தாத்தாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார் என்றார் பெரியவர். இருந்திருக்கலாம். அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் தாத்தா அங்கே இருந்திருப்பார் என்று தோன்றுகிறது!

லொறிக்கார அண்ணை:
தம்பி, நான் அந்தப் பாதையால எத்தனையோ தரம் ஓடியிருக்கிறன். ரெஜைனாவைச் சுத்தி ஏத்துறது கூடுதலாகப் பருப்புத்தான். முதல் தரம் ஒரு தோட்டக்காரர் களஞ்சியத்தைத் திறந்து காட்டினபோது சிரிப்பு வந்துவிட்டது. ஊரில அம்மா தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சுற அதே மைசூர்ப் பருப்பு, ஆள் உயரத்துக்கும் மேல குவிஞ்சு கிடக்குது. நாங்கள் அதில கறி வைப்பம் என்று சொன்னன். தான் சூப்பில் மட்டும் போடுவதாக அந்த மனிசன் சொன்னார், அதுவும் எப்பவாவது! கோதுமை நாட்டில் பருப்பு எப்படி வந்தது என்று தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கரிசல்:
அண்ணா, மண் ஆய்வுக்காக இண்டியன் ஹெட் ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்தவள் நான். உங்கள் கேள்விக்கு அந்த ஊரிலிருந்தே பதில் தொடங்கலாம்.

1885-ல் இங்கே மெட்டி மக்களின் (பழங்குடி, ஐரோப்பியர் கலப்பில் வந்தவர்கள்) எழுச்சி. ராணுவத்துக்குச் சாமான் இழுக்கக் குதிரைகள் போய்விட்டதால் பல வயல்கள் விதைக்காமல் கிடந்தன. அடுத்த வருடம் கடும் வறட்சி. சும்மா கிடந்து ஈரம் பிடித்து வைத்திருந்த நிலத்தில் மட்டும் கோதுமை வந்தது. இதைக் கவனித்தவர் ஆங்கஸ் மக்கே. பிறகு இண்டியன் ஹெட் அரசுப் பண்ணைக்கு அவரே முதல் கண்காணிப்பாளர். கோடையில் உழுது தரிசு போடும் முறை அவர் வழியாகத்தான் சமவெளி எங்கும் பரவியது.

ஆனால் மூடாமல் கிடந்த அந்தத் தரிசுதான் 1930களின் வறட்சியில் புழுதியாகப் பறந்தது. மக்கேயைக் குறை சொல்ல மாட்டேன், அவர் காலத்துக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. காற்றைத் தடுக்க மரக்கன்று வளர்க்கும் நாற்றுப்பண்ணையும் அதே ஊரில்தான் இருந்தது. 2013-ல் மத்திய அரசு கைவிடும்வரை 60 கோடிக்கும் மேல் கன்றுகள் விவசாயிகளுக்குப் போயிருக்கின்றன. வயலோரம் வரிசையாக நிற்கும் காரகானா வேலிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இப்போது பெரிய இயந்திரம் திரும்ப இடைஞ்சல் என்று பலர் அவற்றைப் பிடுங்குகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

பருப்புக்கு வருகிறேன். சஸ்கட்டூனில் உள்ள சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் ஆல் ஸ்லிங்கார்ட் 1978-ல் லேர்ட் என்ற ரகத்தை வெளியிட்டார். அது பச்சை நிற மைசூர்ப் பருப்பு. நீங்கள் சொல்லும் சிவப்பு ரகங்கள் பின்னால் பெருகின. காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்து மண்ணில் சேர்க்கும் பயிர், தண்ணீரும் குறைவு. தரிசாக விட்ட நிலத்தில் பருப்புப் போடலாம் என்றானது.

சிண்டலூட்டா டீச்சர்:
எல்லாம் சரி, நிலம் யாருடையது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிண்டலூட்டாவுக்குத் தெற்கே கேரி த கெட்டில் என்ற நகோடா பழங்குடி மக்களின் ஊர் இருக்கிறது. அங்கிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். காட்டெருமைகள் அழிந்திருந்த நேரத்தில், 1880களின் தொடக்கத்தில், அரசு ரேஷனைக் காட்டி மிரட்டி அவர்களை மேற்கே இருக்கும் சைப்ரஸ் ஹில்ஸிலிருந்து இங்கே கொண்டுவந்து விட்டார்கள். பசியிலும் நோயிலும் நிறையப் பேர் இறந்தார்கள். 1882-ல் இதே இண்டியன் ஹெட்டில் மேஜர் பெல்லின் கம்பெனி ஏறக்குறைய 53,000 ஏக்கரில் பண்ணை தொடங்கியது. அது சில வருடங்களில் நொடித்துப்போனது வேறு கதை. குடும்பத்துப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னபோது, ஒரு பெண் அந்த ரேஷன் கதையைத்தான் எழுதி வந்தாள்.

ரெஜைனாவாசி:
டீச்சர், காபிக் கடைப் பெரியவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பெல் பண்ணையின் வட்டக் கல் லாயத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். இடிந்ததைப் பழைய கற்களைக் காப்பாற்றி மறுபடி கட்டியிருக்கிறார்கள். போகிறவர்கள் கோடையில், திறந்திருக்குமா என்று முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள். லொறிக்கார அண்ணை, அடுத்த தடவை சிண்டலூட்டா வழியாக வந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.