டெலூரிக்: ‘புவிக்கோடு’ வேண்டாம், ‘வளித்தடம்’ ஆகட்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

அகச்சிவப்பு நிறமாலையியல் கலைச்சொல் பட்டியலில் டெலூரிக் கோடுகளுக்கு, அதாவது விண்மீன் ஒளியை நம் வளிமண்டலம் விழுங்குவதால் நிறமாலையில் விழும் கோடுகளுக்கு, ‘புவிக்கோடுகள்’ என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். இலத்தீனில் டெல்லஸ் என்றால் நிலம் என்பதால் இது வந்திருக்க வேண்டும். ஆனால் புவிக்கோடு என்றதும் மாணவர் மனத்தில் நிலநடுக்கோடும் கடகக்கோடும்தான் வந்து நிற்கும். மாற்றாகச் சொல்லப்பட்ட ‘வளிமண்டலத் திருத்தம்’ பிழையில்லை. ஆனால் அது மிக அகன்ற சொல்.

அகச்சிவப்பில் வளிமண்டலம் இரு வகையில் குறுக்கிடுகிறது. முதலாவது, அது தானே ஒளிர்கிறது. ஏறத்தாழ 90 கி.மீ. உயரத்திலுள்ள ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் எச் பட்டை எனப்படும் அகச்சிவப்பு அலைநீளப் பகுதி நெடுகக் கூர்மையான கோடுகளை உமிழ்கின்றன. சில நிமிடங்களிலேயே அவற்றின் வலிமை மாறிவிடுகிறது. எனவே விண்மீனை நிறமாலைமானியின் ஒளிபுகும் பிளவில் ஓரிடத்தில் (ஏ) நிறுத்தி ஒரு பதிவு, சற்று நகர்த்தி (பி) அடுத்த பதிவு என ஏ-பி-பி-ஏ வரிசையில் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறோம். வானொளி பெருமளவு போய்விடும்.

இரண்டாவது, அது விண்மீனின் ஒளியை விழுங்குகிறது. 1.4, 1.9 மைக்ரான்களை ஒட்டி நீராவி அடைத்துக்கொள்ள, இடையே எஞ்சும் சாளரங்களே நம் ஜே, எச், கே பட்டைகள். அவற்றுக்குள்ளும் 2 மைக்ரானருகே கார்பன் டை ஆக்சைடும் 2.3 மைக்ரானருகே மீத்தேனும் கோடு கிழிக்கின்றன. தொலைநோக்கிகள் நிற்கும், சுமார் 4,200 மீட்டர் உயரமுள்ள ஹவாயின் மவுனா கியா மலையிலும் இதிலிருந்து தப்ப முடியாது. இதைக் கழித்துப் போக்க வழியில்லை; வகுத்தே தீர வேண்டும். அதற்காகத்தான் இலக்குக்கு அருகில், ஏறக்குறைய அதே காற்றுத் தடிமன் வழியே தெரியும் ஏ0 வகை விண்மீன் ஒன்றையும் நோக்குகிறோம். அதன் நிறமாலையில் சொந்தமாக ஹைட்ரஜன் கோடுகளைத் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை; மற்றவை காற்றுடையவை என்பதால் இலக்கின் நிறமாலையை அதனால் வகுக்கிறோம். அந்த ஹைட்ரஜன் கோடுகளை நீக்காமல் வகுத்தால் 2.166 மைக்ரானில், பிராக்கெட் காமா என்ற ஹைட்ரஜன் கோட்டின் இடத்தில், இல்லாத உமிழ்வு முளைக்கும்! வானியலாளர்கள் வாக்கா, குஷிங், ரேனர் மூவரும் 2003-இல் வேகா விண்மீனின் மாதிரி நிறமாலையைக் கொண்டு இதைத் தீர்க்கும் முறையை வெளியிட்டார்கள்.

ஒன்றைக் கழிக்கிறோம், மற்றொன்றால் வகுக்கிறோம். டெலூரிக் திருத்தம் இந்த இரண்டாவது வேலைக்கு மட்டுமே உரிய பெயர். ‘வளிமண்டலத் திருத்தம்’ என்றால் வானொளிக் கழிப்பும் அதற்குள் வந்துவிடும். ஒளிவிலகலைச் சரிசெய்வதும் வந்துவிடும். கைந்நூலைப் படித்து முதல்முறை தரவைத் திறக்கும் மாணவர் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியாமல் தடுமாறக் கூடாது.

என் பரிந்துரை ‘வளித்தடம்’. காற்றைக் கடந்த ஒளியில் காற்று பதித்த தடம். வளித்தடக் கோடுகள், வளித்தட நீக்கம், வளித்தடச் செந்தர விண்மீன் எனத் தொடர்களும் இயல்பாக அமைகின்றன. 

ஓர் இடையூறு உண்டு. உணரியின் மேல் நிறமாலை வளைந்து விழும் பாதையைப் பின்தொடரும் படிக்கும் சிலர் ‘தடம்’ என்றே எழுதுகிறார்கள். அதை ‘நிறமாலைப் பாதை’ என்று வைத்துக்கொள்ளலாமா, அல்லது நாம் ‘வளிச்சுவடு’ என்று விலகிக்கொள்ள வேண்டுமா? நான் முதலாவதையே விரும்புகிறேன். கருவிகளோடு பழகியவர்கள் சொல்லுங்கள்.