குறிஞ்சிச் சரிவைப் படமெடுக்க: கேமரா உயரம், காற்று, நிறம்

மூணாறிலும் கொடைக்கானலிலும் நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தது. 12 ஆண்டுக் கணக்குப்படி அடுத்தது 2030. எல்லா மலைக்கும் ஒரே கணக்கு கிடையாது. இடுக்கி மாவட்டம் சாந்தன்பாறை பக்கம் கள்ளிப்பாறையில் 2022 அக்டோபரிலேயே பூத்தது. அந்தப் பூப்புகளில் எடுத்த படங்களை வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் ஒரே குறை கண்ணில் படும். நேரில் பார்த்தவர்கள் சொல்லும் நீலக் கம்பளம் படத்தில் இல்லை; பச்சைச் சரிவில் அங்கங்கே நீலப் பொட்டு வைத்த மாதிரிதான் இருக்கிறது.

லென்ஸ் மேல் பழி போட வேண்டாம். கேமரா இருந்த உயரம்தான் காரணம்.

குறிஞ்சிச் செடி பொதுவாக 30 முதல் 60 செ.மீ. வளரும். நின்றபடி கண்ணில் வைத்து எடுத்தால் செடிக்கும் செடிக்கும் நடுவே உள்ள புல்லும் இலையும் முழுசாகத் தெரியும். பூக்கொத்தின் தலைக்கு மேல் ஒரு சாண் அளவுக்குக் கேமராவை இறக்கினால், முன்செடியின் பூ பின்னால் உள்ள இடைவெளியை மூடிக்கொள்ளும். நீலம் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். இன்னும் இறக்கினால் முதல் வரிசை மட்டும் மிஞ்சும், சரிவே மறைந்துவிடும். அதனால் முழங்கால் உயரத்தில் தொடங்கி, திரையைப் பார்த்துக்கொண்டே நான்கு நான்கு விரற்கடையாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். சரியான உயரம் வரும்போது சட்டென்று தெரியும்.

எதிரே சுவர் போல எழும் சரிவுக்கு இது பலிக்காது. அங்கே செடிகள் நம்மைப் பார்த்தபடி அடுக்கி நிற்பதால் எல்லா இடைவெளியும் தெரியத்தான் செய்யும். பக்கவாட்டில் ஓடும் சரிவை 70–200 மி.மீ. லென்ஸின் நீள முனையில் சாய்வாக எடுத்தால் பூக்கள் நெருங்கி வரும்.

இந்த உயரக் கணக்கை அமெரிக்காவின் நிலக்காட்சிப் படக்கலைஞர் டேவிட் மூன்ச்சிடம் கற்கலாம். 4x5 அங்குலத் தாள் ஃபிலிம் கேமராவில், காலடியில் பெரிதாக ஒரு பூ, தொலைவில் மலை, இரண்டும் ஒரே கூர்மையில் என்ற அமைப்பைத் தனக்கென்று ஆக்கிக்கொண்டவர். அவர் படத்தின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். சமதளத்தில் எடுத்த படம் எதிலும் அடிவானக் கோடு கேமராவின் உயரத்தைக் காட்டிக்கொடுக்கும். அந்தக் கோடு ஒரு பூவின் தலையைத் தொட்டால் கேமராவும் அதே உயரத்தில் இருந்தது. பூ கோட்டுக்குக் கீழே நின்றால் கேமரா அதைவிட மேலே. மலையின் முகட்டுக் கோட்டை அடிவானம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அது வேறு. விருப்பமான பத்துப் படங்களை எடுத்து ஒவ்வொன்றிலும் உயரத்தை மட்டும் கண்டுபிடித்துக் குறித்து வையுங்கள்.

* * *

மூன்ச் படத்தின் கூர்மையை மேலே தொட்டேன், அதை எண்களோடு சொல்கிறேன்.

ஃபுல் ஃபிரேம் (36x24 மி.மீ. சென்சார்) கேமரா, 24 மி.மீ. லென்ஸ், எஃப் 11 (லென்ஸ் திறப்பின் அளவு; எண் கூடினால் திறப்பு சிறுக்கும்) என்றால் சுமார் 1.8 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் 90 செ.மீ. முதல் தொலைவு வரை ஏற்கத்தக்க கூர்மை வரும். 16 மி.மீ. என்றால் 80 செ.மீ.யில் ஃபோகஸ், 40 செ.மீ. முதல் கூர்மை. ஏபிஎஸ்-சி (அதைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 16 மி.மீ. என்றால் ஃபோகஸ் 1.2 மீட்டர், 60 செ.மீ. முதல். பெரிதாக அச்சிடப் போகிறீர்கள் என்றால் இதே தூரங்களில் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் பாதியாகும் அளவு) கூடுதலாக மூடுங்கள். எஃப் 22 வரை போனால் ஒளி திறப்பின் விளிம்பில் வளைவதால் (டிஃப்ராக்ஷன்) மொத்தப் படமும் மழுங்கும்.

மூன்ச்சுக்குக் கிடைத்த கூர்மையில் பெரும்பங்கு லென்ஸைச் சாய்த்ததால் வந்தது. இன்று, சாய்க்கவும் நகர்த்தவும் முடிகிற டில்ட்-ஷிஃப்ட் லென்ஸில் அதையே செய்யலாம். ஆனால் எல்லோரும் சாய்ப்பது மிக அதிகம். 24 மி.மீ. லென்ஸ், பூத்தலைக்கு மேல் 60 செ.மீ. உயரம் என்றால் தேவையான சாய்வு 2.3 டிகிரிதான். உயரம் 1 மீட்டர் என்றால் 1.4 டிகிரி போதும். இந்த உயரங்களில் 5 டிகிரி வைத்துவிட்டு மலை மங்குகிறதே என்று லென்ஸைக் குறை சொல்வதில் பயனில்லை. சாய்த்த பிறகு, கூர்மைத் தளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் ஒற்றைச் செடி முன்னால் இருந்தால் அதன் நுனி மங்கும். அப்படி ஒன்று இல்லாத இடமாகப் பாருங்கள்.

* * *

காற்றைப் பற்றி இன்னும் சொல்லவில்லையே! மலைமுகட்டில் முக்கால்வாசிப் படம் அதில்தான் கெடுகிறது.

மேகமூட்டத்தில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, எஃப் 11 என்றால் ஷட்டர் 1/30 வினாடிதான் வரும். அதில் பூக்கொத்து ஆடி நீலக் கறையாகிவிடும். ஐஎஸ்ஓ 800-க்குப் போனால் 1/250 கிடைக்கும். இளங்காற்றுக்கு அது போதும். போலரைசர் (பளபளப்பை வெட்டும் ஃபில்டர்) மாட்டினால் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் போய்விடும், ஐஎஸ்ஓவை 2500 சுமாருக்கு ஏற்ற வேண்டிவரும். ஆனாலும் மாட்டுங்கள். நனைந்த குறிஞ்சி இலையின் வெள்ளைப் பளபளப்பு போனால்தான் நீலம் எழும். கொஞ்சம் நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) இருந்தால் சரிசெய்யலாம், ஆடிய பூவை எதுவும் செய்ய முடியாது.

காற்று ஒரே சீராக வீசாது, நடுநடுவே மூச்சு வாங்கும். அந்த இடைவெளியில் பத்துப் படம் தொடர்ச்சியாக எடுத்து, முன்பூ நின்ற ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு தூரத்தில் ஃபோகஸ் வைத்த படங்களை ஒன்றாக அடுக்கும் ஃபோகஸ் ஸ்டாக்கிங் இங்கே ஆகாது. ஒவ்வொரு படத்திலும் பூ வேறு இடத்தில் இருக்கும், அடுக்கினால் இதழுக்கு இரட்டை விளிம்பு வரும்.

வானம் வெளுத்துப் போகாமல் இருக்க கிராஜுவேட்டட் ஃபில்டர் (மேல்பாதி மட்டும் கறுப்பேறியது) வைக்கும் வழக்கத்தைப் பரப்பியவர்களில் அமெரிக்க மலைப் படக்கலைஞர் கேலன் ரோவெல் முக்கியமானவர். 2 ஸ்டாப் மென்விளிம்பு ஃபில்டர் குறிஞ்சி மலைக்குப் போதும். முகடு கறுத்துத் தெரிந்தால் ஃபில்டர் கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். முழுத் திறப்பில் பார்த்து வைத்தால் ஏமாறுவீர்கள். எஃப் 11-க்கு மூடியதும் அந்த எல்லைக்கோடு கூர்ந்து தெரியும். படமெடுக்கப் போகும் திறப்பிலேயே காட்டும் டெப்த் பிரிவ்யூ பொத்தானை அழுத்திக்கொண்டே இறக்குங்கள்.

* * *

நிறம். கேமரா தானே நிறச் சமநிலை பார்க்கும் ஆட்டோ வொயிட் பேலன்ஸை நம்பாதீர்கள், சட்டகம் முழுக்க நீலம் நிறைந்தால் அது தடுமாறி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நிறம் கொடுக்கும். 5200 கெல்வினில் நிறுத்தி, ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும்) கோப்பாக எடுங்கள். க்ளௌடி அமைப்பு 6000-க்கு மேல் போவதால் குறிஞ்சி கத்தரிப்பூ நிறத்துக்கு நகர்ந்துவிடும். ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) மூன்று நிறத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்: மொத்த வரைபடம் பத்திரமாக இருக்கும்போதே நீலம் வலது சுவரில் முட்டியிருக்கும். அப்படியானால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் குறையுங்கள். கணினியில் சாச்சுரேஷனை ஏற்றுவதற்கு முன் ஒரு பூவை நூறு சதவீதத்தில் திறந்து இதழின் மடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். இணையத்துக்கான எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு மாற்றிய பிறகு இன்னொரு முறை. மடிப்பு போய்விட்டால் அது பூவே இல்லை, வெறும் சாயம்.

விடியல் வெளிச்சம் கிடைக்கவில்லையே என்ற ஏக்கமும் வேண்டாம். மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலைக்கு வனத்துறைப் பேருந்தில்தான் போக முடியும், வெயில் ஏறிய பிறகுதான் உள்ளே விடுவார்கள். அமெரிக்கப் படக்கலைஞர் எலியட் போர்ட்டரின் வண்ணப் படங்களைப் பாருங்கள். மூட்டமான, நிழல் விழாத வெளிச்சத்தில், வானமே இல்லாமல், ஒரு பாறையும் கொஞ்சம் இலையும் வைத்து எவ்வளவு செய்திருக்கிறார்! 1979-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருடைய வண்ணப் படங்களைத் தனிக் கண்காட்சியாகவே வைத்தது. மூடுபனி வந்ததும் கேமராவை உள்ளே வைப்பவர்கள் குறிஞ்சியின் மிக அழகான நேரத்தை இழக்கிறார்கள்.

பாதையை விட்டு இறங்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். குறிஞ்சி ஒரே முறை பூத்து, விதை விட்டு, செத்துப்போகும் செடி. மிதிபட்ட கொத்து விதை விடாது, அந்த இடம் அடுத்த பூப்பில் வெறும் புல்லாக இருக்கும். பாதையோரக் கொத்துக்கு 16 மி.மீ.யும், தொலைச் சரிவுக்கு 200 மி.மீ.யும் இருந்தால் இறங்கத் தேவையே வராது.

* * *

2030 வரை எதை வைத்துப் பழகுவது என்றால், கனகாம்பரத் தோட்டம். குறிஞ்சியின் குடும்பம்தான் அதுவும். செடியும் முழங்கால் உயரம், பூவும் நுனிக்கதிரில். நிலக்கோட்டைப் பக்கம் தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு வரப்பில் நின்று பழகலாம். அங்கே ஹிஸ்டோகிராமின் வலது சுவரில் முட்டுவது நீலம் அல்ல, சிவப்பு. ட்ரைபாடின் நடுத்தண்டைக் கழற்றிவிட்டுப் போங்கள், அது இருந்தால் கேமரா முழங்காலுக்குக் கீழே இறங்காது.