ரெயூனியனிலிருந்து குவாதலூப்: அம்மாவுக்கு எப்போ போன் பண்றது?

பாண்டிப்பொண்ணு:
வணக்கம். இந்தியப் பெருங்கடல்ல இருக்கற ரெயூனியன் தீவுல, சேன் தெனியில 6 வருஷமா இருக்கோம். வீட்டுக்காரருக்கு ஆகஸ்ட்ல கரீபியன் தீவான குவாதலூப்புக்கு மாற்றல். ரெண்டும் பிரான்ஸ்தானே, அதே யூரோ, அதே பாடப்புத்தகம், என்ன பெரிய வித்தியாசம்னு எல்லாரும் கேக்கறாங்க. எனக்கு அம்மா கவலை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில தனியா இருக்காங்க, வயசு 74. இங்க நேரம் இந்தியாவுக்கு ஒன்றரை மணி நேரம்தான் பின்னாடி. சாயங்காலம் 6 மணிக்கு உலை வச்சுட்டுப் போன் போட்டா அங்க ஏழரை. சீரியலுக்கு முன்னாடி நிம்மதியா பேசிடுவோம். குவாதலூப் இங்கருந்து இன்னும் 8 மணி நேரம் பின்னாடி. அதே 6 மணிக்குக் கூப்பிட்டா அம்மாவுக்கு விடியக்காலை மூன்றரை! அங்க இருக்கறவங்க எப்படிச் சமாளிக்கறீங்க? சின்னவனுக்கு 9 வயசு, அவன் பள்ளிக்கூடம் பத்தியும் சொல்லுங்க.

கப்பெஸ்தேர்வாசி:
அக்கா, நான் இங்க 11 வருஷமா இருக்கேன், அம்மா காரைக்கால்ல. ராத்திரி எட்டரைக்குக் கூப்பிடுங்க, அங்க மறுநாள் காலை 6 மணி. இந்தியாவும் சரி, குவாதலூப்பும் சரி, கோடைக்குன்னு கடிகாரத்தை மாத்தறதில்லை. வருஷம் பூரா அதே ஒன்பதரை மணி நேரம்தான்.

ஒரு விஷயத்துல மட்டும் கவனமா இருங்க. அப்பா திதிக்கு முந்தின வாரம் அம்மா நாளைச் சொன்னாங்க. நான் இங்கத்துத் தேதியை வச்சுக்கிட்டேன். அம்மா காக்காய்க்குச் சோறு வச்சப்ப எனக்கு முந்தின நாள் ராத்திரி, மீன் சாப்பிட்டு முடிச்சிருந்தேன். இன்னைக்கும் மனசு ஆறல. அதுலருந்து ஊர் தினசரிக் காலண்டரைச் சமையலறையில மாட்டியிருக்கேன். இங்க மத்தியானம் ரெண்டரை ஆனா அங்க நடுராத்திரி, உடனே தாளைக் கிழிச்சுடுவேன்.

அம்மாவுக்குப் பகல் 12ன்னா உங்களுக்கு ராத்திரி ரெண்டரை. போனை சைலண்ட்ல போடாதீங்க. பக்கத்து வீட்டுக்காரங்க நம்பரும் கையில இருக்கட்டும்.

ஜூன்ல இங்க அஞ்சரை, ஆறுக்குள்ள விடிஞ்சுடும், சாயங்காலம் ஏழுக்குள்ள இருட்டிடும். உங்க தீவுல அப்போ குளிர்காலம், இங்க நேர்மாறு. புயலும் அப்படித்தான்: உங்களுக்கு நவம்பர்லருந்து ஏப்ரல் வரைக்கும், எங்களுக்கு ஜூன்லருந்து நவம்பர். ஒரு புயல் காலத்தை முடிச்சுட்டு வந்து நேரா அடுத்ததுல இறங்கப் போறீங்க. தண்ணியும் முறை வச்சுத்தான் வரும். வீடு பாக்கறப்ப தொட்டி இருக்கான்னு கேளுங்க.

வேடிக்கையா ஒண்ணு: ஜனாதிபதி தேர்தல்ல நாங்க சனிக்கிழமையே ஓட்டுப் போட்டுடுவோம். ஞாயித்துக்கிழமை போட்டா, நாங்க வரிசையில நிக்கறப்பவே பாரீஸ்ல முடிவு சொல்லிடுவாங்க.

நான் இருக்கற கப்பெஸ்தேர் ஊர்ல சாங்கின்னு ஒரு இந்துக் கோயில் இருக்கு. கோபுரத்தைப் பாத்தா ஊர் ஞாபகம் வந்துடும். 1854 டிசம்பர் 24ல ஒரேலிங்கற கப்பல்ல முதல்ல வந்தவங்க காலத்துலருந்து இங்க நம்ம ஆளுங்க உண்டு. தமிழ் பேச மாட்டாங்க, ஆனா ஆட்டுக்கறிக்குப் போடற மசாலாப்பொடிக்குப் பேரு கொலோம்போ. மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள் எல்லாம் அதுல இருக்கு.

சேன்பியேர் டீச்சர்:
பையன் விஷயம் நான் சொல்றேன்மா. ரெயூனியன்ல பெரிய லீவு டிசம்பர், ஜனவரியில. குவாதலூப்ல ஜூலை, ஆகஸ்ட். ஜூலை லீவு முடிஞ்சதும் நேரா அங்க செப்டம்பர்ல சேர்த்துடலாம், பாடம் விட்டுப்போகாது. ஆனா கிறிஸ்துமஸுக்கு ரெண்டு வாரம்தான் லீவுன்னா அழுவான். முன்கூட்டியே சொல்லிவைங்க. நேர் விமானம் கிடையாது, பாரீஸ் வழியாத்தான் போகணும். ஒரு ராத்திரி அங்க தங்கிட்டுப் போங்க, குழந்தை தாங்க மாட்டான்.

பாண்டிப்பொண்ணு:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்கு அம்மாகிட்ட கணக்கைச் சொன்னேன். "நான் எழுந்திருக்கறப்ப நீ தூங்கப் போவியா?"ன்னு கேட்டாங்க. ஆமாம்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "சரி, கோலம் போட்டுட்டு வந்து எடுக்கறேன்"னாங்க. காலண்டரும் அவங்களே வாங்கி அனுப்பறாங்களாம். தம்பி, தொட்டி எத்தனை லிட்டர் வச்சிருக்கீங்க?

கப்பெஸ்தேர்வாசி:
500 லிட்டர்க்கா. நாலு பேருக்கு ரெண்டு நாள் தாங்கும்.